கண்ணடிக்கிற விளக்கு

இஸ்லாவின் வலது கட்டைவிரலுக்கு உணர்ச்சி செத்து நெடுங்காலம். இளவயதிலிருந்து தூண்டில் நைலான் ஓடி ஓடி, விரலின் உட்புறம் ஆமை ஓடு போல இறுகிவிட்டது. சூரை மீன் இழுக்கும்போது மற்றவர்கள் கையில் துணி சுற்றிக்கொள்வார்கள். அவர் வெறும் விரலைக் கொடுப்பார். அடுப்பிலிருந்து அந்த விரலாலேயே கங்கு எடுத்துச் சுருட்டைப் பற்றவைப்பார். லாவிஸ் கிராமத்தில் அந்த விரலுக்கு ஒரு மரியாதை இருந்தது. அது போய் ஒரு டார்ச் லைட்டிடம் தோற்று நிற்கும் என்று யார் கண்டார்கள்.

முன்பு அவரிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு தகர டார்ச் இருந்தது. மேலே தள்ளினால் எரியும், கீழே இழுத்தால் அணையும். உப்புக்காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஒருநாள் அடிப்பாகம் பேட்டரியோடு கழன்று விழுந்தது. அந்த வாரமே கரண்ட் போன ஒரு சாயங்காலம், இஸ்லாவ் வீட்டு மூங்கில் படியில் கால் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தார். இடுப்பில் அடி. தைலம் தடவி எழுந்து நடமாடப் பல நாள் ஆயிற்று.

மகள் ஜுவீலின் செபு நகரத்தில் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். விஷயம் தெரிந்ததும் போனில் சத்தம் போட்டாள்.

“இன்னொரு தடவ விழுந்தாரு, நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன் மனாங். அப்புறம் நீங்களும் அழக் கூடாது, அவரும் முரண்டு பிடிக்கக் கூடாது.”

மனாங் என்றால் அக்கா. அண்ணன் மனைவியான ரொசெண்டாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ரொசெண்டா ‘சரி’ என்றாள். ஆனால் அன்று முதல் அவள் வயிற்றில் ஒரு கல் விழுந்துவிட்டது. ஜுவீலினின் அறையை அவள் பார்த்திருக்கிறாள். நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அங்கே இஸ்லாவ் என்ன செய்வார்? இங்கே அவள்தான் என்ன செய்வாள்? அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவன் சீசோவைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தென்மேற்குப் பருவத்தில் கடல் கொண்டுபோயிற்று. படகு மட்டும் தெற்குப் பாரின், அந்தப் பவளப் பாறைத் திட்டின், விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது, ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். காலையில் அவர் இருமினால் இவள் அடுப்பு மூட்டுவாள். அவர் போய்விட்டால் யார் இருமலைக் கேட்டு அடுப்பு மூட்டுவது?

மகன் போனதிலிருந்து இஸ்லாவ் படகில் ஏறுவதில்லை. ஆனால் கடல் வற்றும் சாயங்காலங்களில், கரையிலிருந்து பார் வரைக்கும் திடலாகக் கிடக்கும் இடத்தில் இரும்புக் கொக்கியும் பிரம்புக் கூடையுமாக நடப்பார். பேய்க்கணவாய் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பொந்துக்குள் எட்டுக் காலையும் சுருட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். வாசலில், தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் சின்னக் குவியலாகக் கிடக்கும். “பெருக்கத் தெரியாத பொம்பள வீடு மாதிரி” என்பார் இஸ்லாவ். அதற்குத்தான் வெளிச்சம் வேண்டும். பொந்தைப் பார்க்கவும் வேண்டும், இருட்டும்போது திரும்பி வரவும் வேண்டும்.

“நல்லதா ஒரு டார்ச் அனுப்பறேன், சட்டைப் பையில வைக்கற மாதிரி” என்றாள் ஜுவீலின். சொன்னபடியே விசைப்படகில் பொட்டலம் வந்தது.

ரொசெண்டா வாசலில் உட்கார்ந்து ஓரா மீனை முதுகுப் பக்கம் பிளந்து மூங்கில் தட்டியில் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பாசிங், சின்னப் பெட்டிக்கடை வைத்திருப்பவள், பொட்டலம் வந்த வாசனை பிடித்து வந்துவிட்டாள். உள்ளேயிருந்து கறுப்பாக, விரல் தண்டிக்கு ஒன்று வந்தது.

“என்னடி செண்டா இது, உதட்டுச் சாயமா?”

“டார்ச்சு, மனாங்.”

“இத்தனூண்டா? பழைய டார்ச்சுன்னா அதால நாயை அடிக்கலாம். இதை நாயே முழுங்கிரும்.”

இஸ்லாவ் அதைக் கையில் வாங்கிப் புரட்டினார். பின்பக்கத்தில் ரப்பர் பொத்தான் ஒன்று இருந்தது. அமுக்கினார். வெளிச்சம் பாய்ந்து, அடைக்கு உட்கார்ந்திருந்த கோழி அலறிக்கொண்டு எழுந்தது.

“அம்மாடியோ!” என்றாள் பாசிங். “இதை வச்சு வலைக்குப் போலாம் போலிருக்கே.”

“அணைங்க பாபாங், கண்ணு கூசுது” என்றாள் ரொசெண்டா. பாபாங் என்றால் அப்பா; மாமனாரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“அணைக்கத்தான் அமுக்கறேன். அது வேற வேஷம் போடுது.”

பெரிய வெளிச்சம் நடு வெளிச்சமாயிற்று. நடு வெளிச்சம் சின்னதாயிற்று. அடுத்த அமுக்கில் படபடவென்று மின்ன ஆரம்பித்தது. மீன் தட்டி, பாசிங்கின் மூக்கு, கோழி எல்லாம் விட்டுவிட்டுத் தெரிந்தன.

“பாருடி, சந்தைக்கடையில வேலைவெட்டி இல்லாத பய கண்ணடிக்கற மாதிரி கண்ணடிக்குது!”

அன்றைக்கே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது, கண்ணடிக்கிறவன் என்று.

அன்று மாலை ஜுவீலின் போனில் முகம் காட்டினாள். “ஒண்ணும் கஷ்டமில்ல பாபாங். பாதி அமுக்கினா வெளிச்சம் மாறும். முழுசா அமுக்கினா அணையும். அவ்வளவுதான்.”

“பாதின்னா எது வரைக்கும்?”

“லேசா.”

“லேசா, பலமா எல்லாம் என் விரலுக்குத் தெரியாதே மகளே. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. இழு, விடு.”

“பழகிடும். கடைசியில மின்னுது பாருங்க, அது ஆபத்துக்கு. ஏதாச்சும் ஒண்ணுன்னா அதைப் போட்டுக் காட்டுங்க. பாக்கறவங்க ஓடி வந்துருவாங்க.”

இஸ்லாவ் தலையாட்டினார். மகள் ஆசையாக அனுப்பியது. ரொசெண்டாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அவர் அதை அமுக்கி அமுக்கித் தோற்பதை அவள் தினமும் பார்த்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. ‘அவருக்கு இது சரிப்படலை’ என்று ஒரு வார்த்தை சொன்னால், ‘அப்போ பாருக்கே போக வேண்டாம்’ என்பாள் ஜுவீலின். அடுத்த வார்த்தை ‘இங்கே கூட்டிட்டு வந்துடறேன்’ என்பதாக இருக்கும். அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும்.

அக்டோபரில் அமாவாசை கழிந்த ஒரு நாள், கடல் நன்றாக வற்றியது. திடலில் பெண்கள் சிப்பி பொறுக்கிவிட்டு வெயில் சாயும்போதே கரையேறிவிட்டார்கள். இஸ்லாவ் அப்போதுதான் கிளம்பினார்.

“எந்தப் பக்கம் பாபாங்?”

“வடக்கே, அலையாத்திக் காட்டு ஓரமா. சீக்கிரம் வந்துருவேன். என்ன ஆக்கறே?”

“முருங்கைக் கீரைச் சாறு. சோளச் சோறு.”

“கருவாடு ஒண்ணு சுடு. தொட்டுக்கக் கள்ளுக்காடி மிச்சம் இருக்கா?”

“இருக்கு. டார்ச்சு?”

அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “கண்ணடிக்கிறவன் உள்ளதான் தூங்கறான்.”

சோளக்குருணை வெந்து அடங்கும் நேரம் கரண்ட் போயிற்று. லாவிஸில் அது ஒரு விஷயமே இல்லை. ரொசெண்டா அடுப்பு வெளிச்சத்திலேயே கீரையை உருவிப் போட்டாள். வானத்தில் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மரங்களுக்குக் கீழே மட்டும் இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது பாசிங் கத்தினாள்.

“சந்தெல்மோ! ஐயோ சந்தெல்மோ! புள்ளைகளை உள்ள இழுங்கடி!”

ரொசெண்டா கரண்டியோடு வெளியே வந்தாள். தெற்குப் பாரின் விளிம்பில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளை நெருப்பு துடித்துக்கொண்டிருந்தது. தோன்றும், மறையும், தோன்றும். கடலில் போய்ப் புதைக்கப்படாமல் கிடக்கிறவர்களின் உயிர் அப்படித்தான் நெருப்பாக அலையும் என்பது லாவிஸில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பின்னால் போனால் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். தப்ப ஒரே வழி, போட்டிருக்கிற சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொள்வது. வழி தெரியாமல் அது நம்மை விட்டுவிடும்.

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கரை நெடுகக் கேட்டது. பாசிங் தன் ரவிக்கையைத் திருப்பி மாட்டிக்கொண்டே ஓடி வந்தாள். தையலெல்லாம் வெளியே தெரிந்தது.

“உன் சட்டையைத் திருப்புடி! ஏன் மரமா நிக்கற?”

“அது தெக்குப் பாரு, மனாங்.”

“அதனாலதான் சொல்றேன். எனக்குத் தெரியாதா அங்க என்ன கிடந்துச்சுன்னு. செண்டா, கேளு, அது சீசோவாவே இருந்தாலும் இப்ப உன் புருசன் இல்ல. கூப்பிட்டாப் போயிரக் கூடாது.”

பிற்பாடு இதை நினைத்தால் ரொசெண்டாவுக்கே சிரிப்பு வரும். கண்ணடிக்கிற டார்ச் யாருடைய சட்டைப் பையில் இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் வடக்கே போவதாகச் சொன்னவர். இது தெற்கே மின்னியது. அதோடு பாசிங் சீசோவின் பெயரைச் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வருஷமாக ஊரே நடுங்கி நடுங்கிப் பேசிய அந்த நெருப்புக்காக, அவள் ஒருத்திதான் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அதை யாரிடம் சொல்ல முடியும்?

கரண்டியைப் பாசிங்கின் கையில் கொடுத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திடலில் இறங்கினாள்.

“அடியே! கன்னி மாதாவே! இவ போறாளே!”

ஓதம் ஏற ஆரம்பித்திருந்தது. திடலின் பள்ளங்களிலெல்லாம் தண்ணீர் ஓடி வந்து ஒன்றையொன்று தொட்டது. கணுக்கால் அளவு, பிறகு முழங்கால். பாசி வழுக்கியது, கடல் முள்ளெலியின் முள் ஒன்று பாதத்தில் ஏறியது, அவள் நிற்கவில்லை. நெருப்பு அங்கேயே துடித்தது. அது ஓடவில்லை, அவளை இழுக்கவும் இல்லை, ஒரே இடத்தில் நின்று அவளுக்காகக் காத்திருப்பது போலத்தான் இருந்தது. பாரில் அலை மோதும் இரைச்சலுக்கு மேலே அவள் கத்தினாள்.

“சீசோ!”

பதில் இல்லை.

“சீசோ! நான்தான்!”

சற்று நேரம் கழித்து அந்த வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அவன் இல்ல இந்தாய். நான்.”

மகளைக் கூப்பிடுகிற மாதிரி அவளை இந்தாய் என்று கூப்பிட அந்த வீட்டில் ஒருத்தர்தான் உண்டு. ரொசெண்டா அப்படியே நின்றாள். நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது பயம், நிஜமான, சாதாரணமான பயம். தண்ணீர் அவர் தொடைக்கு வந்திருந்தது.

“என்ன பாபாங் ஆச்சு?”

“பொந்துல காலு மாட்டிக்கிச்சு. பெரிய கணவாய், வடக்கேர்ந்து என்னை இங்க வரைக்கும் நடக்க வச்சுட்டான். காலைப் பாக்கலாம்னா இந்தக் களவாணி நிதானமா எரிய மாட்டேங்கறான். அமுக்க அமுக்கக் கண்ணடிக்கறான். காலு ஒரு நேரம் இங்க இருக்கு, ஒரு நேரம் அங்க இருக்கு!”

அவள் தண்ணீருக்குள் உட்கார்ந்து தடவினாள். ரப்பர் காலணி பவளத்தின் இடுக்கில் ஆப்பு வைத்த மாதிரி இறுகியிருந்தது.

“செருப்பை விட்டுட்டுக் காலை மட்டும் உருவுங்க.”

“புதுச் செருப்பு. ஜுவீலின் வாங்கிக் கொடுத்தது.”

“பாபாங்!”

“சரி, சரி.”

கால் வந்தது. கணுக்காலில் தோல் உரிந்திருந்தது, எலும்பில் ஒன்றுமில்லை. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையில் கூடை. கூடைக்குள் பேய்க்கணவாய்.

“அதை இன்னுமா விடலை?”

“இவனாலதானே இவ்வளவும்? இவனைத் திங்காம விடுவேனா?” கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: “கத்திப் பாத்தேன், அலைச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அப்புறம் ஜுவீலின் சொன்ன மாதிரி இதைக் கரைப் பக்கமாக் காட்டினேன். ஓடி வருவாங்கன்னாளே. நான் கண்ணடிக்கறேன், ஊரே ஜன்னலைச் சாத்தறாளுக! வாலிபத்துல நான் கண்ணடிச்சு ஒருத்தி சாத்தினதில்ல.”

ரொசெண்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

கரையில் ஐந்தாறு பேர் சிம்னி விளக்கும் ஜெபமாலையுமாக நின்றார்கள். எல்லார் சட்டையும் உள்பக்கம் வெளியே. இருட்டிலிருந்து ஒரு துடிக்கிற வெளிச்சமும் இரண்டு உருவங்களும் வருவதைப் பார்த்து ஒருத்தன் ஓடியே போனான். பாசிங் மட்டும் கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

“நில்லு! யாரா இருந்தாலும் நில்லு!”

“அடிக்காத பாசிங்” என்றார் இஸ்லாவ். “இடுப்புல ஏற்கெனவே அடி. உன் ரவிக்கைத் தையல் பிரிஞ்சிருக்கு, உள்பக்கமாவே தெரியுது.”

பாசிங் குனிந்து பார்த்தாள். பிறகு அவள் போட்ட சிரிப்பில் சாத்தின ஜன்னலெல்லாம் திறந்தன.

வீட்டில் ரொசெண்டா கணுக்காலுக்குக் கள்ளுக்காடி வைத்துக் கழுவினாள். உப்புத் தண்ணீரில் நனைந்த டார்ச்சை யாராலும் அணைக்க முடியாமல் அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருந்தார்கள். மூடி இடுக்கில் அது இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. இஸ்லாவ் சூடான கீரைச் சாற்றை உறிஞ்சிக் குடித்தார்.

“நீ அவனைக் கூப்பிட்ட.”

அவள் தலை நிமிரவில்லை. “கூப்பிட்டேன்.”

“மொதல் தடவையே எனக்குக் கேட்டுச்சு. உடனே பதில் சொல்லல.”

“ஏன் பாபாங்?”

“ஊர்ல அவன் பேரை யாரும் சத்தமாச் சொல்றதில்ல. நம்ம முன்னால சொன்னா நமக்கு வலிக்கும்னு விட்டுட்டாங்க. கேட்டு எவ்வளவு நாளாச்சு. இன்னொரு தடவ கேக்கலாம்னு இருந்தேன்.”

“தண்ணி தொடை வரைக்கும் ஏறிட்டிருந்துச்சே!”

“ஏறட்டுமே. அது எப்பவும் ஏறும்” என்றார். “கருவாடு சுட்டியா?”

லாவிஸில் வாயை மூடலாம், போனை மூட முடியாது. மூன்றாம் நாள் ஜுவீலின் படகிலிருந்து இறங்கினாள். கணுக்காலைப் பார்த்தாள். நேராக உள்ளே போய், அப்பாவின் துணிகளை ஒரு பையில் அடுக்கினாள். சட்டைகள், போர்வை, படுக்கைத் தலைமாட்டிலிருந்த சான் விசென்டே படம்.

“மகளே, சாமியை எங்க கொண்டு போற?” என்றார் இஸ்லாவ் வாசலிலிருந்து.

“நீங்க எங்க போறீங்களோ அங்க.”

“அங்க நாலு மாடி ஏற அவருக்கு முட்டி வலிக்குமே.”

“சிரிக்காதீங்க பாபாங்! ஒரு அண்ணனைக் கொடுத்தாச்சு. அதே பாருல இன்னொருத்தரையும் கொடுக்கணுமா?”

ரொசெண்டா பைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இதற்கு மேல் பேசாமல் இருந்தால் பை கட்டி முடிந்துவிடும்.

“இந்தாய், தப்பு அவர் கால் மேல இல்ல. டார்ச் மேல.”

“அப்போ என் மேலதான் பழியா? இருக்கறதுலயே நல்லதாப் பாத்து வாங்கினேன் மனாங். மலையேறறவங்க வச்சுக்கற டார்ச்சு.”

“நல்ல டார்ச்சுதான். உன் விரலுக்கு நல்ல டார்ச்சு. அவர் விரலைத் தொட்டுப் பாரு.”

ஜுவீலின் தொட்டாள். பிறகு தன் நகத்தால் அந்தக் கட்டைவிரலை அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“எப்போ அழுத்தப் போற?” என்றார் இஸ்லாவ்.

அவள் முகம் மாறியது. ஆனால் பையைப் பிரிக்கவில்லை. நாளைக்கு டவுனில் சாயங்காலக் கப்பல். அதற்குமுன் சந்தைக்குப் போவோம், அவர் கைக்குப் பொருந்துகிற விளக்கு கிடைத்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் அங்கிருந்தே என்னோடு கப்பலேற வேண்டியதுதான் என்றாள். இஸ்லாவ் ஒப்புக்கொண்டார். மறுநாள் மூவரும் விசைப்படகில் போகும்போது அந்தப் பை ரொசெண்டாவுக்கு எதிரே, ஜுவீலினின் மடியில், ஒரு நாலாவது ஆளைப் போல உட்கார்ந்து வந்தது.

டவுன் சந்தையில் ஆணி, கயிறு, தகரம் விற்கும் கடைக்கும் மீன் கடைக்கும் நடுவே ஒரு சாக்கடைதான். கடைக்காரன் விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டார்ச் என்றதும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஏழெட்டை எடுத்துப் பரப்பினான்.

“இருங்க” என்றாள் ரொசெண்டா. எதிரே மீன் கடையில் உப்புத் தண்ணீர் வாளி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். உள்ளே நாலு மீன் மிதந்தன. “பாபாங், கையை இதுல நனைங்க. கண்ணை மூடுங்க. இடது கையில இந்தக் குடையைப் பிடிச்சுக்குங்க, கொக்கின்னு நினைச்சுக்குங்க.”

“என் கடையில மீன் நாத்தம் வருதும்மா” என்றான் கடைக்காரன்.

“டார்ச்சு வித்தாப் போயிரும்” என்றார் இஸ்லாவ், கண்ணை மூடிக்கொண்டே.

முதலாவதில் தலையைத் திருக வேண்டும். ஈரக் கையில் வழுக்கிக்கொண்டே போயிற்று, ஒரு கையால் திருகவும் முடியவில்லை. இரண்டாவது அதே ரப்பர் பொத்தான் சாதி. அமுக்கியதும் சிவப்பாக எரிந்தது, பிறகு நீலமாக. “இது திருவிழாவுக்கு” என்று வைத்துவிட்டார். ஒன்றுக்குப் பேட்டரியே கிடையாது, கம்பி செருகி மின்சாரம் ஏற்ற வேண்டுமாம். “கரண்ட் இருந்தா நான் ஏன் டார்ச் தேடறேன்?” தலையில் பட்டையாகக் கட்டிக்கொள்வதை ஜுவீலின் ஆசையாக எடுத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டார். அதன் பொத்தான் கடுகளவு. விரல் நெற்றியெல்லாம் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. கடைசியில் இருந்தது தள்ளுகிற சுவிட்ச்தான், ஆனால் வழவழவென்று உடம்போடு பதிந்திருந்தது. ஈர விரல் அதன்மேல் போய்ப் போய் வந்தது. எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியவில்லை.

ஜுவீலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

“வேற இல்லையா?” என்று கேட்டாள் ரொசெண்டா. கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இதுக்கு மேல மட்டமானதுதான் இருக்கு” என்றான் கடைக்காரன். குனிந்து, அடித்தட்டில் எலிப்பொறிகளுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து ஊதினான். தூசி பறந்தது. மஞ்சள் பிளாஸ்டிக். சிகரெட் பெட்டி போலத் தட்டையாக, சட்டைப் பைக்கு அடங்குகிற மாதிரி. மேலே கட்டைவிரல் நகத்தளவு சுவிட்ச், அரம் மாதிரி வரிவரியாக மேடு தட்டி நின்றது. வாலில் கயிறு போட ஒரு வளையம். “யாரும் வாங்கறதில்ல. எரியும், அணையும். வேற ஒண்ணும் கிடையாது இதுல.”

“வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார் இஸ்லாவ்.

“பேட்டரி?” என்றாள் ரொசெண்டா.

“சாதா பேட்டரிதான்.” பாசிங் கடையில் சோப்புக்குப் பக்கத்தில் தொங்குமே, அதே. கடைக்காரன் இரண்டைப் போட்டு நீட்டினான்.

இஸ்லாவ் நனைந்த கையில் அதை வாங்கினார். விரல் மேட்டில் போய் முட்டியது. தோலுக்குத் தெரியாதது எலும்புக்குத் தெரிந்தது போலிருக்கிறது. தள்ளினார், எரிந்தது. இழுத்தார், அணைந்தது. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளினார். “எரியுதா?”

“எரியுது பாபாங்.”

“இப்போ?”

“அணைஞ்சிருச்சு.”

“இப்போ?”

“எரியுது!”

ஜுவீலின் குறுக்கே வந்தாள். “போதும். எங்கிட்ட காட்டுங்க. நீங்க விழப் போறீங்கன்னு வச்சுக்குங்க.” அவர் முழங்கையை லேசாகத் தட்டிவிட்டாள். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஈரக் கையிலிருந்து மஞ்சள் டார்ச் நழுவி, குடையில் பட்டு, நேராக மீன் வாளிக்குள் விழுந்தது.

“போச்சு! விழுந்ததை நான் திரும்ப எடுத்துக்க மாட்டேன்” என்றான் கடைக்காரன்.

ரொசெண்டா வாளிக்குள் பார்த்தாள். முங்கியது மெதுவாக மேலே வந்தது. மீன்களுக்கு நடுவே முகம் கீழாக மிதந்தது. வாளியின் அடிவரை தண்ணீர் முழுக்க மஞ்சளாக ஒளிர்ந்தது. செத்த மீனின் கண்கூடப் பளிச்சென்றிருந்தது. ஒரு துடிப்பு இல்லை. அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

மூவரும் வாளியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். கடைக்காரனும் சேமியாக் கிண்ணத்தோடு எழுந்து வந்து பார்த்தான்.

“மட்டமான சரக்குன்னு சொன்னேனே தவிர” என்றான், “மோசம்னு சொன்னேனா?”

ஜுவீலின் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தோளிலிருந்த பையைக் கழற்றி ரொசெண்டாவின் கையில் கொடுத்தாள்.

“சான் விசென்டேயைத் தலைகீழா வச்சிருக்கேன் மனாங். போனதும் முதல்ல அவரை எடுத்துடுங்க.”

பை கனமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று படகுத்துறை வரைக்கும் ரொசெண்டா அதைக் கீழே வைக்கவில்லை. மாதக்கணக்காக வயிற்றில் கிடந்த கல் எந்த இடத்தில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சந்தையில் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

அடுத்த வற்றுக்கு இஸ்லாவ் கழுத்தில் கயிறு கட்டிய மஞ்சள் விளக்கோடு திடலில் இறங்கினார். பொழுது சாய்ந்ததும் பாசிங் கடை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு வெளிச்சம் நிதானமாக நடந்து, நின்று, குனிந்து, மறுபடி நடந்தது.

“அது யாருடி?”

“பாபாங்தான்.”

“நல்லாத் தெரியுமா? சட்டையைத் திருப்ப வேண்டாமே?”

“கண்ணடிக்கலையே மனாங்.”

“அதுவும் சரிதான். செத்தவன்தான் கண்ணடிப்பான். இஸ்லாவுக்கு வயசாயிடுச்சு.”

நவம்பர் பிறந்து ஆன்மாக்களின் நாள் வந்தது. ஊரே மெழுகுவர்த்தியும் வெல்லம் போட்டுக் கிண்டிய பசையரிசியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. சீசோவுக்குக் கல்லறை இல்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ரொசெண்டா கடல் ஓரத்துக் கல் ஒன்றின்மேல் மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்று ஒரு நொடிகூட விட்டுவைக்கவில்லை. இந்த வருஷம் அவளுக்கு ஒரு யோசனை. பானையிலிருந்து கண்ணடிக்கிறவனை எடுத்தாள். புதுப் பேட்டரி போட்டாள்.

“அதை எதுக்கு?” என்றார் இஸ்லாவ்.

“காத்துக்கு அணையாதில்ல. அவர் இருக்கற இடத்துக்கு நாம இங்க இருக்கோம்னு தெரியட்டும். மின்னினா தூரத்துக்குத் தெரியும்.”

அவர் சற்று யோசித்துத் தலையாட்டினார். இருவரும் அந்தி மயங்கும் நேரம் கல்லுக்கு வந்தார்கள். வாழையிலையில் பசையரிசி வைத்தாள். பக்கத்தில் டார்ச்சைக் கடல் பார்க்க நிறுத்தினாள். இஸ்லாவ் குனிந்து பொத்தானை அமுக்கினார். பெரிய வெளிச்சம். அமுக்கினார். நடு வெளிச்சம். அமுக்கினார். அணைந்தது. மறுபடி அமுக்கினார். பெரிய வெளிச்சம்.

“மின்ன வைங்க பாபாங்.”

“அதைத்தான் செய்யறேன்.”

அவள் வாங்கி அமுக்கினாள். அவள் விரலுக்கும் அது மசியவில்லை. கடலைப் பார்த்து அசையாமல், தியானத்தில் உட்கார்ந்த மாதிரி எரிந்தது.

“பாரேன் இவனை!” என்றார் இஸ்லாவ். “வேணாம் வேணாம்னப்போ விடாமக் கண்ணடிச்சான். இப்போ கெஞ்சறோம், பாதிரியார் மாதிரி நிக்கறான்.”

ரொசெண்டா டார்ச்சைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

“அவரும் இப்படித்தானே பாபாங். வான்னா வர மாட்டார். போகாதேன்னா போவார்.”

“காத்து சரியில்லடா, இன்னிக்கு விட்டுரு சீசோன்னேன்.”

“சீசோ, சோறு ஆறுதுன்னு நானும் சொன்னேன்.”

அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. முதலில் அவர் அழுகிறார் என்றே அவள் நினைத்தாள். சிரித்தார். அவளும் சிரித்தாள். கல்லறையிலிருந்து திரும்பிய பாசிங் பாதையில் நின்று, கடலோரத்தில் ஒரு டார்ச்சைப் பார்த்து இருவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பதைக் கண்டு, சட்டையைத் திருப்புவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

“சீசோ கிட்டப் பேசிட்டிருக்கோம் மனாங்!” என்று ரொசெண்டா சத்தமாகச் சொன்னாள். அந்தப் பெயர் கரை முழுக்கக் கேட்டது.

“கேட்டேன்னு சொல்லு!” என்று பாசிங்கும் சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

டார்ச்சை அது எரிகிறபடியே விட்டுவிட்டு அவர்கள் எழுந்தார்கள். தென்னைகளுக்குக் கீழே நன்றாக இருட்டியிருந்தது. இஸ்லாவ் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். செத்த கட்டைவிரலால் மஞ்சள் விளக்கைத் தள்ளினார். பாதை தெரிந்தது.